கெர்டாவுக்குக் குரல் கொடுத்தவள்

சாவதில் அம்சவேணியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று சாலிகிராமத்து டப்பிங் தியேட்டர்களில் ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. கதாநாயகனின் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்மூட வேண்டுமா, கூப்பிடு அம்சவேணியை. வில்லன் சுட்ட குண்டு குறுக்கே வந்த அண்ணிக்காரி மேல் பாய்ந்துவிட்டதா, கூப்பிடு அம்சவேணியை. திரையில் வாயசைத்தவர்கள் மேக்கப்பைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இருட்டறையில் மைக்குக்கு முன்னால் நின்று உயிரை விட்டது என்னவோ இவள்தான். விட்டுவிட்டு வெளியே வந்து சூடாக ஒரு காபி குடிப்பாள். அத்தனை முறை செத்தவளுக்கு இப்போது ஒரே ஒரு முறை சாவதற்கு இவ்வளவு பயமா என்று யாராவது கேட்டால், ஆமாம், பயம்தான். குலை நடுங்குகிற பயம். கேட்கிறவர்களுக்கு என்ன, தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். கட்டி குரல்வளையில் இருக்கிறது. அந்த டாக்டர் பெண், இவளுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். "குரல்வளையையே முழுசா எடுத்துடணும்மா. எடுத்துட்டு நல்லா இருக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா பழையபடி பேச வராது. எடுக்கலைன்னா, உங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது, இந்த வருஷம் தாண்டறது கஷ்டம்." இன்று சாயங்காலத்துக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ போனில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் வரும் வாரம் ஆபரேஷனுக்கு இடம் கிடைக்கும். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, அம்சவேணி இன்னும் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை.

ஹெட்ஃபோனில் கெர்டா இருமினாள். கெர்டா என்பது படத்துக் கிழவி. ஏதோ ஒரு குளிர் தேசத்துப் படம். எந்த தேசம் என்று வசனம் எழுதிய மதியழகன் சொல்லத்தான் சொன்னான், இவள் மண்டையில் அது தங்கவில்லை. தங்கும் நிலையில் மண்டை இல்லை. சிரிப்பும் அழுகையும் கலந்த படம் என்றான். டாக்டர்கள் கைவிரிப்பதற்கு முன்னால் கிழவியே டாக்டர்களைக் கைவிட்டுவிட்டு, ஓட்டைப் பால் வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு, தான் வாழ்நாளெல்லாம் சண்டை போட்டவர்களின் வீடு வீடாகப் போய் சமாதானம் ஆகிறாள். கடைசியில் கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிம்மதியாகச் செத்துப்போகிறாள். இதற்குத் தமிழில் பேச ஒரு கிழட்டுக் குரல் தேடியிருக்கிறார்கள். அம்சவேணியைக் கூப்பிட்டு வருஷக்கணக்காகியிருந்தது; அம்மா வேஷத்துக்கும் இப்போது சின்னப் பெண்களே குரலைத் தடிமனாக்கிப் பேசிவிடுகிறார்கள். யாரோ ஞாபகம் வைத்து டெஸ்டுக்கு வரச் சொன்னார்கள். இரண்டு வரி பேசினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மதியழகன் எழுந்தே நின்றுவிட்டான். "அக்கா, இந்தக் கரகரப்பு இருக்கு பாருங்க, இதுதான்க்கா கெர்டா! எப்படிக்கா இதைக் கொண்டு வர்றீங்க?" "எல்லாம் பழக்கம்தான் தம்பி" என்றாள், உள்ளுக்குள் பூரித்துப்போய். அப்போது அவளுக்கே தெரியாது, தேர்வானது தான் இல்லை, தொண்டைக்குள் இருக்கிற கட்டி என்று. தெரிந்த பிறகு ஆஸ்பத்திரி கழிவறையில் உட்கார்ந்து அதை நினைத்து ஒரு பாட்டம் சிரித்தாள். பக்கத்து அறையில் இருந்தவள் கதவைத் தட்டி, "அழாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்றாள். 

"அக்கா, அந்த டாக்டர் சீன் மட்டும் மறுபடி ஒரு தடவை போயிடலாமா? கொஞ்சம் சிரிச்சாப்புல வேணும்" என்று மதியழகனின் குரல் காதுக்குள் வந்தது. போகலாம். போவதற்குத்தானே வந்திருக்கிறது. திரையில் கெர்டா டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள், பனி பெய்கிற ஜன்னல், டாக்டர் என்னவோ நீளமாகச் சொல்கிறார், கெர்டா தலையை ஆட்டிவிட்டு ஒரு வார்த்தை சொல்கிறாள். அந்தப் பாஷையில் வேண்டாம் என்பதற்கு உதடு குவிகிறது. தமிழ் 'வேண்டாம்' உதட்டில் ஒட்டாது என்று மதியழகன் அதைப் 'போதும்' என்று எழுதியிருந்தான். கெட்டிக்காரன். "போதும் டாக்டர். வெட்டித் தைக்கறதுக்கு நான் என்ன பழைய கோட்டா? வாழ்ந்தது போதும்." அம்சவேணி சொன்னாள். குவிந்த உதடு, விரிந்த கண், எல்லாம் கனகச்சிதமாக ஒட்டியது. ஆனால் சிரிப்பு வரவில்லை. "ஒன் மோர் போலாம்க்கா." போதும் டாக்டர். எது போதும்? போன சித்திரையில் வாங்கிய மல்லிகைச் செடி இன்னும் ஒரு பூ விடவில்லை. ஒன் மோர். வாழ்ந்தது போதும். யாருக்குப் போதும்? சொல்கிறாளே இந்த வெள்ளைக்காரி, ஏதோ இரண்டாவது கரண்டி சாம்பாரைக் கைநீட்டித் தடுக்கிற மாதிரி. பந்தியில் கூட வயிறு நிறைந்தவள்தான் போதும் என்பாள். அம்சவேணிக்கு வயிறு நிறையவில்லை. ஆனால் வேண்டாம் என்று அவளும் சொல்லத்தான் நினைத்திருந்தாள், நேற்று முழுக்க அதைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள், வேண்டாம்மா, விட்டுடுங்க, இருக்கற வரைக்கும் பேசிட்டுப் போறேன் என்று. கெர்டா மாதிரி நிம்மதி வந்ததனால் இல்லை. வீட்டில் ஒருவர் இருக்கிறார், அதனால்.

கலியமூர்த்திக்குப் பார்வை ஒரேயடியாகப் போகவில்லை. சர்க்கரை நோய் எறும்பு மாதிரி ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வந்து, மூன்று தீபாவளிக்கு முன்னால் வேலையை முடித்தது. கூட்டுறவு வங்கியில் கண்டிப்பான மேனேஜராக இருந்த மனுஷன். முதல் மாதம் யாரோடும் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் குளியலறையிலிருந்து "வேணி" என்று கூப்பிட்டார். என்னவோ ஏதோ என்று ஓடினாள், "இங்கதான் இருக்கேன்" என்றாள். "சரி" என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அரைமணிக்கு ஒரு தரம் "வேணி", இவள் சமையலறையிலிருந்து, மாடியிலிருந்து, துவைக்கிற கல்லிலிருந்து "இங்கதான்". சில நாள் எரிச்சலாகக்கூட வரும், எங்க போயிடப் போறேன், ஓடியா போயிடுவேன் இந்த வயசுல என்று கத்துவாள். கத்தல் வந்த திசையைப் பார்த்து அவர் நிம்மதியாகச் சிரிப்பார். அந்த வீட்டில் அவருக்குச் சுவர் இவள் குரல், கதவு இவள் குரல். வலது பக்கம் ரசம், சூடு. படி வருது, ஒண்ணு, ரெண்டு. செய்தியில பேசறது மந்திரி, நீலச் சட்டை போட்டிருக்கார், பொய் சொல்றார். ஊமைச்சியாகிவிட்டால் அவருக்கு வீடே இடிந்துவிடும். செத்துப்போனாலும் இடிந்துவிடும். இதில் எது கொஞ்சம் மெதுவாக இடியும் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. செத்துவிட்டால் அவருடைய தம்பி குடும்பம் கும்பகோணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும், வேண்டாவெறுப்பாகவாவது சோறு போடும், பேசும், திட்டவாவது செய்யும். ஊமையாக இருந்தால் யார் வரப்போகிறார்கள், அதான் பெண்டாட்டி இருக்காளே என்று விட்டுவிடுவார்கள். அவர் வேணி என்பார். பதில் வராது. மறுபடி வேணி என்பார். இவள் ஓடிப்போய்த் தோளைத் தொட வேண்டும். அடுப்பில் பால் பொங்கினால்? வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தால்? வேணி, வேணி என்று அவர் சுவரைத் தடவிக்கொண்டு வர, இரண்டு அடி தள்ளி இவள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, மீன் மாதிரி. அய்யோ. குருடனும் ஊமையும் குடித்தனம் நடத்துகிற கதையைச் சினிமாவில் வைத்தால் நம்புவார்களா, அதிகப்படி என்று வெட்டச் சொல்வார்கள்.

"சூப்பர்க்கா, ஓகே" என்றான் மதியழகன். எதற்கு சூப்பர் என்கிறான்? பேசியிருக்கிறாள் போலிருக்கிறது. வாய் தன்பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது, சிரித்தும் இருக்கிறது. நாற்பது வருஷத்து வாய், அதற்கு இவள் தேவையில்லை. அடுத்த காட்சியில் கெர்டா பக்கத்து ஊர்க்காரியின் வாத்தின் மேல் பால் வண்டியை ஏற்றிவிட்டு, அந்த வாத்தைக் கையில் எடுத்துக்கொண்டே அவளிடம் பழைய சண்டைக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியர் ஜெரால்டு விழுந்து விழுந்து சிரித்தான். நல்ல காட்சிதான். சமாதானம் ஆகிறாளாம் சமாதானம். அம்சவேணிக்குச் சமாதானம் ஆக ஒரு எதிரிகூட இல்லை. தன் வாய்ப்பைத் தட்டிப் பறித்த சரோஜா செத்தே போய்விட்டாள். குழந்தை இல்லை என்று குத்திக்காட்டிய மாமியார் கடைசிக் காலத்தில் இவள் கையால்தான் கஞ்சி குடித்தாள். படத்தில் பெயர் போடாத முதலாளிகள் இன்றைக்குப் பெயர் தெரியாமல் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிற ஒரே வழக்கு இந்தத் தொண்டையோடுதான், கட்டியை இங்கே வைத்த கடவுளோடுதான். அதற்கு எந்த வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவது? கையில் எந்த வாத்தைக் கொண்டுபோவது? எத்தனை இடம் இருக்கிறது உடம்பில், வேண்டாத இடமாக எத்தனை இருக்கிறது, ஒரு காலை எடுத்துக்கொள்ளக் கூடாதா, நொண்டிக்கொண்டே "இங்கதான்" என்று சொல்லியிருப்பாளே.

நேற்று அவர் தூங்கும்போது மொட்டைமாடிக்குப் போய் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தாள். போனில் தன் குரலையே பதிவு செய்தாள். இங்கதான். சாப்பிட வாங்க. படி இருக்கு, பாத்து. மாத்திரை போட்டீங்களா. தொட்டால் பேசுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்துவிட்டால், வாய் போனாலும் போன் பேசும், ஆளே போனாலும் போன் பேசும். ஊருக்கெல்லாம் குரல் கொடுத்தவள் வீட்டுக்கு நாலு வரி கொடுக்க மாட்டாளா. பேசிவிட்டுப் போட்டுக் கேட்டாள். எழும்பூர் ஸ்டேஷனில் ரயில் வருவதை அறிவிக்கிற பெண் மாதிரி இருந்தது. கொஞ்சம் கொஞ்சலாகப் பேசிப் பார்த்தாள், பழைய படத்துக் கதாநாயகி வந்துவிட்டாள். அலுப்பாகப் பேசினாள், அலுப்பாக நடிப்பது தெரிந்தது. மைக்குக்கு முன்னால் நின்றால் தன் குரல் தனக்கு வரவே வராது என்பது அப்போதுதான் உறைத்தது, அது அவர் கூப்பிட்டால் மட்டும் வருகிற குரல். எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கீழே வந்தாள். அவர் விழித்துக்கொண்டு, அடுப்படியில் நின்று தடவித் தடவிக் கற்பூரவல்லிக் கஷாயம் போட்டுக்கொண்டிருந்தார். பனியில் தொண்டை கட்டிவிட்டது என்று இவள் சொல்லிவைத்த சாக்குக்கு மார்கழியிலிருந்து அவர் ஊற்றிக் கொடுக்கிற கஷாயம் இருக்கிறதே, அதில் ஒரு குளம் வெட்டலாம். டம்ளரை நீட்டிய விரலில் கொப்புளம். "சுட்டுடுச்சா?" என்றாள். "இல்ல, லேசா" என்றார். வாங்கிக் குடித்தாள். எரிந்துகொண்டு இறங்கியது.

ஆஸ்பத்திரியில் ஒருவரைக் காட்டினார்கள், பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று. லாரி டிரைவர், ராசிபுரத்துக்காரர், இவளைப் போலவே கட்டி வந்து குரல்வளையை எடுத்தவர். கழுத்துக் குழியில் ஒரு ஓட்டை, அதன் மேல் வலைத்துணி, அதன் வழியாகத்தான் மூச்சு. கருவி ஒன்றைத் தாடைக்கு அடியில் வைத்து, "நல்..லா இருக்..கேன்மா, பயப்..படா..தீங்க" என்றார். கிணற்றுக்குள்ளிருந்து தகரம் பேசுகிற மாதிரி. நல்ல மனுஷன், கண்ணில் அப்படி ஒரு சிரிப்பு. கருவி இல்லாமலும் பழகினால் கொஞ்சம் பேசலாம், சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்று டாக்டர் பெண் சொன்னாள். அம்சவேணி கும்பிட்டுவிட்டு வெளியே ஓடிவந்துவிட்டாள். அந்தச் சத்தம் வீட்டுக்குள் நுழைந்தால் கலியமூர்த்தி யார் அது என்றுதான் கேட்பார். கண் தெரிந்தவருக்கு முகம் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, லாரிக்காரரின் பெண்டாட்டி அதைப் பார்த்துக்கொள்வாள். கண் தெரியாதவருக்கு அது தகரம் மட்டும்தான். தகரத்தோடு குடித்தனம் நடத்தச் சொல்லலாமா? பெண்டாட்டி செத்துவிட்டாள் என்றால் அழுது தீர்த்துவிடலாம். செத்தாளா இருக்கிறாளா என்று தெரியாமல் தினமும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தால்? இதே இடத்துக்குத்தான் நினைப்பு வந்து வந்து முட்டுகிறது, செக்கு மாடு மாதிரி. சுற்றிச் சுற்றி வந்தால் எண்ணெயாவது வர வேண்டாமா?

"அக்கா, கடைசி சீன். டயலாக் எதுவும் இல்ல, வெறும் மூச்சுதான். நீங்க பாக்காததா" என்றான் மதியழகன். பார்க்காததா. திரையில் கடல் வந்தது, சாம்பல் நிறக் கடல், ஒரு நாற்காலி, போர்வைக்குள் கெர்டா. முகத்தில் அப்படி ஒரு அமைதி. இந்த வித்தையை அம்சவேணிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகக் கற்றது: கடைசி மூச்சை வெளியே விடும்போது நெஞ்சிலிருந்து விடக் கூடாது, அடிவயிற்றிலிருந்து மெல்ல இறக்க வேண்டும், இறக்கி முடித்ததும் அப்படியே நிறுத்திவிட வேண்டும். ஓகே என்று சத்தம் வரும்வரை சிலை. விட்டாள். நூல் பிரிகிற மாதிரி அழகாக இறங்கியது. கெர்டாவின் தலை சாய்ந்தது. அலை ஒன்று வந்து திரும்பிப் போனது. ஹக் என்று ஒரு மூச்சு உள்ளே போனது. யாருடையது என்று அம்சவேணி திரையைப் பார்த்தாள். தன்னுடையது. "பரவால்லக்கா, ஒன் மோர்." மறுபடி கடல், நாற்காலி, போர்வை. மறுபடி இறக்கினாள், பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள், செத்துவிட்டாய் செத்துவிட்டாய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், தொண்டை தானாகத் திறந்து காற்றை அள்ளி விழுங்கியது. தண்ணீரில் முக்கியெடுத்த பூனைக்குட்டி போல. கெர்டா செத்துக் கிடக்கிறாள், ஸ்பீக்கரில் மூச்சு வருகிறது. ஜெரால்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான், பேய்ப் படம் ஆகிவிட்டதே என்று. மூன்றாம் முறை. நான்காம் முறை. சாவதற்கென்றே பிறந்தவள் என்று பெயர் வாங்கியவளுக்குச் சாக வரவில்லை. உடம்பு கேட்க மாட்டேன் என்கிறது. போதும் என்று இவள் சொல்லிப் பழகிய அத்தனையும் அந்த ஒரு வாய்க் காற்றுக்கு முன்னால் நிற்கவில்லை, நாய்க்குச் சோற்றைக் காட்டியது போல நெஞ்சு பாய்ந்து பாய்ந்து பிடிக்கிறது. எனக்கு வேணும், எனக்கு வேணும் என்று. வெட்கமாக இருந்தது. அழுகையாக வந்தது. அவருக்காகத்தான் சாவது என்று நேற்று முடிவு செய்தாளே, அந்தத் தியாகம் எல்லாம் எங்கே போய் ஒளிந்துகொண்டது?

"அக்கா, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று மதியழகன் கேட்டான். ஜெரால்டு அவன் தோளைத் தொட்டான். "விடுங்க சார், அம்மாவை எதுக்குக் கஷ்டப்படுத்தறது. இந்த எடத்துல ஒரிஜினல் மூச்சையே வெச்சுக்கலாம். வசனம்னாதான தமிழ் வேணும். மூச்சுக்கு என்ன பாஷை?" அவன் அதை வேலையோடு வேலையாகச் சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிவிட்டான். அம்சவேணி ஹெட்ஃபோனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினாள். மாட்டினது நிற்கவில்லை, விழுந்தது, மறுபடி எடுத்து மாட்டினாள். இதோ வரேன் தம்பி என்று சொன்னாளோ இல்லையோ, கனத்த கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வெளியில் வெயில் கொளுத்தியது. தண்ணீர் லாரி ஒன்று சந்துக்குள் திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மாமரத்து நிழலில் நின்று போனை எடுத்தாள். டாக்டருக்கு இல்லை.

இரண்டாவது மணி அடிப்பதற்குள் கலியமூர்த்தி எடுத்துவிட்டார். போனை மடியிலேயே வைத்திருப்பார் போலிருக்கிறது. "வேணி? முடிஞ்சுதா?" இவள் சொன்னாள். எப்படிச் சொல்வது என்று பல நாளாகச் செதுக்கி வைத்திருந்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை, கட்டி, குரல்வளை, இந்த வருஷம், ராசிபுரத்து லாரிக்காரர், வேண்டாம்னு சொல்ல நெனச்சது, சாயங்காலத்துக்குள்ள, எல்லாம் முன்னும் பின்னுமாகக் கொட்டியது. அப்புறம் அவர் கத்தினார். மேனேஜராக இருந்தபோதுகூட அப்படிக் கத்தியதில்லை. "எனக்குக் கண்ணுதான்டி போச்சு, காது போயிடல! மார்கழியிலேருந்து கேட்டுகிட்டுதான் இருக்கேன். ஒவ்வொரு நாளும் உன் தொண்டை தேயறதைக் கேட்டுகிட்டு இருக்கேன். என்னன்னு கேட்டா நீ என்னத்தைச் சொல்லிடுவியோன்னு பயந்துகிட்டுக் கஷாயம் போட்டுக் குடுத்துகிட்டு இருக்கேன். அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்? நீயா முடிவு பண்ணிடுவியா? என்னைக் கேக்காம நீயா செத்துடலாம்னு?"

"பேச்சு போயிடும்ங்க" என்றாள். "சுத்தமா போயிடும்."

"போகட்டும்."

"நீங்க கூப்பிட்டா..."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கண் ஆபரேஷன் தோற்றுப்போன அன்றைக்கும் அழாத மனுஷன், சின்னப் பையன் மாதிரி தேம்பினார். "ஆமா, கூப்பிட்டா நீ இருக்கியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்" என்றார். கேட்டது அவளை இல்லை. யாரையும் இல்லை.

"கழுத்துல ஓட்டை போட்டுடுவாங்களாம். மூச்சு அது வழியாத்தான். சத்தமா இருக்குமாம்ங்க, புஸ்ஸு புஸ்ஸுன்னு. பக்கத்துல இருந்தா கேக்குமாம்." சொல்லும்போதே இது என்ன ஆறுதல், பிரஷர் குக்கரை மணந்துகொண்ட மாதிரி என்று அவளுக்கே தோன்றியது. மரத்தில் சாய்ந்துகொண்டாள்.

"எங்க, இப்ப விடு" என்றார்.

போனை வாயருகே கொண்டுபோனாள். விட்டாள். இழுத்தாள். கட்டியில் உரசிக்கொண்டு கரகரவென்று போய் வந்தது. விட்டாள், இழுத்தாள். லாரி ஹாரன் அடித்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கேக்குது" என்றார். "நல்லாவே கேக்குது. உன்னோடதுதான்." பிறகு மடமடவென்று பேச ஆரம்பித்தார், பேச்சை விட்டால் அழுகை வந்துவிடும் என்கிற வேகத்தில். இப்பவே அந்த டாக்டருக்குப் போன் போட்டுச் சரின்னு சொல்லு. தம்பியை வரச் சொல்றேன், ஆஸ்பத்திரியில கூட இருக்க ஆள் வேணும். அந்த லாரிக்காரர் நம்பர் இருந்தா வாங்கி வை, நான் பேசறேன், அவர் பேசறது எனக்குப் புரியும், புரியலைன்னா புரியற வரைக்கும் பேசறேன். எனக்குச் சமைக்கத் தெரியும், கஷாயம் போடலியா, அதே மாதிரிதான். எல்லாம் தெரியும் எனக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்... சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். "வேணி?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணி! ஏய்! என்னாச்சு? ஒண்ணும் கேக்கலியே! எங்க இருக்க? வேணி!" நாற்காலி தள்ளப்படும் சத்தம் வந்தது. எதுவோ கீழே விழுந்து உருண்டது. "வேணி!"

ஒரே மைக்கைச் சுற்றி நாலு பேர் நின்று பேசிய காலத்துப் பழக்கம் அது. அடுத்தவர் பேசும்போது மூச்சு விடக் கூடாது. விட்டால் அவர் வசனம் கெட்டுவிடும். நாற்பது வருஷமாக வீட்டில் புருஷன் பேசும்போதெல்லாம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறாள், அவளுக்கே தெரியாமல். பதறிப்போய், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அம்சவேணி மூச்சை விட்டாள்.